காற்றும் கையெழுத்துப் போட வேண்டும்

பாம்பன் பழைய பாலத்தில் ரயில் போகலாமா, கூடாதா என்று முடிவு செய்தது டிரைவர் இல்லை. கார்டு இல்லை. மதுரையில் உட்கார்ந்திருந்த பெரிய அதிகாரியும் இல்லை. காற்று!

காற்றின் வேகத்தை அளக்க ஒரு கருவியைப் பாலத்தில் பொருத்தியிருந்தார்கள். மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் சிவப்புக்கு மாறிவிடும். அவ்வளவுதான். ரயிலுக்குள் மந்திரியே இருந்தாலும் சரி, காசியிலிருந்து கங்கை ஜலத்தோடு வந்திருக்கும் பக்தர்கள் இருந்தாலும் சரி... காற்று தணிகிறவரை மண்டபத்திலோ பாம்பனிலோ காத்திருக்க வேண்டியதுதான்.

யோசித்துப் பார்த்தால் இது வேடிக்கையான ஏற்பாடு. ஒரு பாலத்தைக் கட்டி முடித்து, ரிப்பன் வெட்டி, ‘ரெடி’ என்று அறிவித்துப் பல வருடங்கள் ஆகிவிட்டன. அப்புறமும் தினம் தினம் ‘இன்றைக்கு ரெடியா?’ என்று கேட்டுக்கொண்டே இருந்தால்?

கேட்கத்தான் வேண்டும். ஒரு பொருள் ‘தயார்’ என்று யார் சொல்வது, எப்போது சொல்வது, எதை வைத்துச் சொல்வது? மூன்றும் சின்னக் கேள்விகள்தான். ஆனால் இவற்றுக்குத் தப்பாகப் பதில் சொன்னவர்களால் செத்தவர்கள் ஏராளம். இன்றைக்கு இந்தக் கேள்வியோடு அதிகமாக மல்லுக்கட்டுகிறவர்கள் ரயில்வே இன்ஜினீயர்கள் மட்டும் அல்ல. கம்ப்யூட்டர் மென்பொருள் எழுதுகிறவர்களும்தான். அவர்கள் வழக்கில் ‘ஸ்டேபிள்’ என்று ஒரு வார்த்தை உண்டு. நிலையானது, நம்பி ஏறலாம் என்று அர்த்தம். அவர்களிடம் பிறகு வருவோம். முதலில் பாம்பன்.

வெள்ளைக்காரனுக்கு ராமேஸ்வரத்தின் மேல் பக்தி எதுவும் இல்லை. அவன் கண் இருந்தது இலங்கையின் மேல். தேயிலைத் தோட்டங்கள், அங்கே வேலைக்குப் போன தமிழ்க் கூலிகள், தபால், வியாபாரம். சென்னையிலிருந்து தூத்துக்குடி வரை ரயில், அங்கிருந்து கொழும்புக்குக் கப்பல் என்பது அன்றைய வழி. இதைச் சுருக்க முடியாதா? வரைபடத்தை விரித்தால் ராமேஸ்வரம் தீவு இலங்கையை நோக்கி நீட்டிய விரல் மாதிரி கிடக்கிறது. விரல் நுனியில் தனுஷ்கோடி. எதிரே, முப்பது கிலோமீட்டர் சொச்சத்தில் தலைமன்னார். அதற்கும் சேர்த்துப் பாலம் போட்டுவிடலாமா என்றுகூட யோசித்தார்கள். செலவுக் கணக்கைப் பார்த்ததும் அந்த ஆசை அடங்கியது. மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் நடுவே மட்டும் பாலம், தனுஷ்கோடியிலிருந்து கப்பல் என்று முடிவானது.

1911-இல் வேலை ஆரம்பித்தது. 1914 பிப்ரவரி 24 அன்று பாலம் திறக்கப்பட்டது. நீளம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். தூண்களுக்கு மேல் வரிசையாக இரும்பு கர்டர்கள். நடுவில் கப்பல் போக ஒரு தூக்குப் பாலம். இது அமெரிக்கரான ஷெர்ஸர் என்பவருடைய யோசனை. இரண்டு பெரிய இரும்பு இலைகள். ஒவ்வொன்றும் 400 டன்னுக்கு மேல் எடை. கப்பல் வரும்போது இரண்டும் பின்பக்கமாக உருண்டு, கும்பிடப் பிரிந்த கைகள் மாதிரி வானத்தைப் பார்த்து எழும். தூக்குவதற்கு மோட்டார் கிடையாது. ஆட்கள்தான் கையால் சுற்ற வேண்டும். எதிர்ப்பக்கத்தில் சரியான எடையை வைத்து நிறுத்தியிருந்ததால் மனிதக் கைகளாலேயே அந்த ராட்சதனை அசைக்க முடிந்தது.

அழகான பாலம்தான். ஆனால் அது நின்ற இடம்? நாலு பக்கமும் உப்புக் காற்று. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுக்குத் திசைக்கொரு பெயர் வைத்திருக்கும் கடற்கரை இது. காற்றைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஊரில் காற்றைப் பரிசோதிக்காமல் ஒரு பாலத்தை ‘ரெடி’ என்று சொல்ல முடியுமா?

சொல்லியிருக்கிறார்கள். இங்கே இல்லை, ஸ்காட்லாந்தில். நம் பாலம் பிறப்பதற்கு 36 வருடங்களுக்கு முன்பு.

டே என்ற ஆற்று முகத்துவாரத்தின் குறுக்கே ஒரு ரயில் பாலம். மூன்று கிலோமீட்டருக்கும் அதிக நீளம். அன்றைக்கு உலகத்திலேயே நீளமான பாலங்களில் ஒன்று. கட்டியவர் தாமஸ் பௌச். பயணிகளை ஏற்றுவதற்கு முன்னால் அரசாங்க இன்ஸ்பெக்டர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும் என்பது பிரிட்டிஷ் சட்டம். 1878 பிப்ரவரியில் மேஜர் ஜெனரல் ஹட்சின்சன் வந்தார். மூன்று நாள் தங்கினார். கனமான ஆறு இன்ஜின்களை ஒன்றாகக் கோத்துப் பாலத்தின் மேல் வேகமாக ஓட்டச் சொன்னார். பாலம் அசைந்து கொடுக்கவில்லை. மனிதர் திருப்தியானார். 25 மைல் வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்று ஒரு நிபந்தனை போட்டார். கூடவே இன்னொரு வரியும் எழுதி வைத்தார். அடுத்த முறை வரும்போது, பலத்த காற்று அடிக்கிற நேரத்தில் ரயில் போவதைப் பார்க்க விரும்புகிறாராம்!

அந்த வரியைக் கவனியுங்கள். எதைச் சோதிக்கவில்லை என்பது அவருக்கே தெரிந்திருக்கிறது. ஆனாலும் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

1878 ஜூன் 1 அன்று பாலம் திறந்தது. அடுத்த வருடம் விக்டோரியா மகாராணியே அதன் மேல் பயணம் செய்தார். பௌச்சுக்கு ‘சர்’ பட்டம் கிடைத்தது. 1879 டிசம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. புயல். ஒரு பாசஞ்சர் ரயில் பாலத்தில் ஏறியது. நடுப்பகுதி மொத்தமும் ரயிலோடு சேர்ந்து தண்ணீருக்குள் போனது. உள்ளே இருந்தவர்கள் சுமார் 75 பேர். ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

விசாரணையில் நாறியது கதை. காற்று தள்ளுகிற விசைக்கென்று பௌச் தனியாகக் கணக்குப் போடவே இல்லை. தூண்களுக்கான இரும்பு வார்ப்புகளில் ஓட்டைகள் இருந்திருக்கின்றன. தேன்மெழுகையும் இரும்புத் தூளையும் கரியையும் குழைத்து அவற்றை அடைத்து, மேலே பூசி மறைத்திருக்கிறார்கள். வேகக் கட்டுப்பாட்டையும் டிரைவர்கள் பெரிதாக மதிக்கவில்லை. ஆக, ஆறு இன்ஜின்களின் எடையை வைத்துப் பார்த்தது வேறொரு கேள்விக்கான பரீட்சை. பாலம் பதில் சொல்லவேண்டியிருந்த கேள்வி, காற்று. பௌச் பத்தே மாதத்தில் இறந்துபோனார். ஆற்றில் விழுந்த இன்ஜினை எடுத்து ரிப்பேர் செய்து இன்னும் நாற்பது வருடம் ஓட்டினார்கள். அதற்கு ரயில்வேக்காரர்கள் வைத்த செல்லப் பெயர், ‘முக்குளிப்பான்’!

இந்தக் கதையை மனத்தில் வைத்துக்கொண்டு பாம்பனுக்குத் திரும்புவோம். டிசம்பர், ராத்திரி, புயல், பாசஞ்சர் ரயில்... எல்லாமே திரும்ப வரும்.

1964 டிசம்பர் 22. வங்கக் கடலில் உருவான புயல் தனுஷ்கோடியை நோக்கி வந்துகொண்டிருந்தது. பாம்பனிலிருந்து 653-ஆம் எண் பாசஞ்சர் தனுஷ்கோடிக்குக் கிளம்பியது. அது கடல் பாலத்தைத் தாண்டி, தீவுக்குள்ளேயே ஓடுகிற ரயில். ஊரை நெருங்கும் இடத்தில் சிக்னல் வேலை செய்யவில்லை. டிரைவர் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, நீளமாக விசிலடித்து, மெல்ல வண்டியை நகர்த்தினார் என்று சொல்வார்கள். பனைமர உயரத்துக்குக் கடல் எழுந்து வந்தது. ரயிலில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் யாரும் மிஞ்சவில்லை. தனுஷ்கோடி என்ற ஊரே இல்லாமல் போனது. ஸ்டேஷன், சுங்க அலுவலகம், தபால் ஆபீஸ், சர்ச் எல்லாம் ஒரே ராத்திரியில் இடிபாடுகளாயின.

சிக்னல் சிவப்பும் காட்டவில்லை, பச்சையும் காட்டவில்லை. போகலாமா கூடாதா என்று சொல்லவேண்டிய கருவி மௌனமாகிவிட்டால், அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாமா? அந்த டிரைவரைக் குறை சொல்ல இங்கே உட்கார்ந்திருக்கும் நமக்கு யோக்கியதை இல்லை. இருட்டில், மழையில், பின்னால் நூறு உயிர்களை வைத்துக்கொண்டு எடுத்த முடிவு அது. ஆனால் ‘சிவப்பு விழவில்லையே’ என்பதும் ‘பச்சை விழுந்துவிட்டது’ என்பதும் ஒன்றல்ல என்பதை அந்த ராத்திரியை விடக் கொடூரமாக யாரும் எழுதிக் காட்ட முடியாது.

பாலம் என்ன ஆனது? 145 கர்டர்களில் 126 போய்விட்டன. தூண்களில் பெரும்பாலானவை நின்றன. எல்லோரும் பலவீனமான பகுதி என்று நினைத்திருக்கக்கூடிய, பல்லும் சக்கரமுமாக அசைகிற அந்த ஷெர்ஸர் தூக்குப் பாலம், அப்படியே நின்றது!

பாலத்தைச் சீர்செய்ய ஆறு மாதம் என்று கெடு வைத்தார்கள். மேலதிகாரி அதை மூன்று மாதமாகக் குறைத்தார். பொறுப்பேற்ற இளம் இன்ஜினீயருக்கு அப்போது வயது 32. பெயர் இ. ஸ்ரீதரன். பின்னாளில் கொங்கண் ரயில்வேயும் டெல்லி மெட்ரோவும் கட்டி ‘மெட்ரோ மனிதர்’ என்று பெயர் வாங்கினாரே, அவரேதான். புது கர்டர்கள் செய்து கொண்டுவர நேரம் இல்லை. அடித்துச் செல்லப்பட்ட கர்டர்கள் கடலுக்குள் எங்கே கிடக்கின்றன என்று உள்ளூர் மீனவர்கள் அடையாளம் காட்டினார்கள். அவற்றைத் தூக்கி எடுத்து, சரிபார்த்து, மறுபடி தூண்களின் மேல் ஏற்றினார்கள். 46 நாளில் ரயில் ஓடியது!

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் வரலாம். ஒரு முறை விழுந்த கர்டரை மறுபடி எடுத்து வைத்தால் அது எப்படி ‘ரெடி’ ஆகும்? விஷயம் இதுதான். அலை கர்டர்களைத் தூண்களிலிருந்து பெயர்த்துத் தூக்கிப் போட்டிருந்தது. கர்டர்கள் எல்லாமே உடைந்து நொறுங்கிவிடவில்லை. எந்த உறுப்பு தோற்றது, எது தாக்குப்பிடித்தது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவருக்கு 46 நாள் போதும். மொத்தத்தையும் ஒரே பொருளாகப் பார்க்கிறவருக்கு ஆறு வருடமும் போதாது.

அதே சமயம் இன்னொரு முடிவும் எடுக்கப்பட்டது. தனுஷ்கோடிக்கு மறுபடி ரயில் பாதை போடவில்லை. மனிதர்கள் வசிக்கத் தகுதியில்லாத இடம் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. பாலத்துக்கு ‘ரெடி’, ஊருக்கு ‘இல்லை’. அந்த ‘இல்லை’ இன்றுவரை மாறவில்லை.

சரி, இப்போது கம்ப்யூட்டர் பக்கம் போவோம்.

காசு வாங்காமல், மூலத்தையும் மறைக்காமல், உலகெங்கும் இருக்கும் ஆட்கள் கூட்டாக எழுதுகிற மென்பொருளுக்குத் திறந்த மூல மென்பொருள் என்று பெயர். லினக்ஸ் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரு பெரிய மென்பொருள் என்பது தனியாக வார்த்தெடுத்த ஒரே சிலை இல்லை. நம் பாம்பன் பாலம் மாதிரி நூற்றுக்கணக்கான கர்டர்கள். ஒவ்வொரு கர்டரையும் வேறு வேறு ஆள் செய்திருப்பார். எதை நம்பி ஏறுவது?

இதற்காக அவர்கள் கண்டுபிடித்த வழி, எண். பூஜ்யத்தில் ஆரம்பிக்கிற எண் போட்டிருந்தால் ‘இன்னும் வேலை நடக்கிறது, உன் பொறுப்பில் ஏறு’ என்று அர்த்தம். 1.0 என்றால் ‘வரலாம்’. லைனஸ் டோர்வால்ட்ஸ் தன் லினக்ஸை 1991 செப்டம்பரில் 0.01 என்று வெளியிட்டார். 1.0 என்று சொல்ல அவருக்கு 1994 மார்ச் வரை ஆனது. கணினி விஞ்ஞானி டொனால்ட் நுத்துக்கு இதில் இன்னும் குசும்பு. தன்னுடைய ‘டெக்’ என்ற அச்சுக்கோப்பு மென்பொருளுக்கு அவர் 3.14, 3.141, 3.1415 என்று எண் வைத்துக்கொண்டே போகிறார். பள்ளிக்கூடத்தில் படித்த ‘பை’! ஒவ்வொரு திருத்தத்திலும் ஓர் இலக்கம் கூடும். முழுமையை நெருங்கலாம், தொட முடியாது என்று சொல்லாமல் சொல்கிறார்.

1993-இல் ஆரம்பித்த டெபியன் என்ற குழு இன்னும் ஒரு படி மேலே போனது. நம் சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸ் இந்த டெபியனை அடித்தளமாகக் கொண்டதுதான். டெபியனில் மூன்று அறைகள். புதிதாக வருகிற எந்த உறுப்பும் முதலில் நுழைவது ‘நிலையற்றது’ என்ற அறைக்குள். இந்த அறைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘சிட்’. ‘டாய் ஸ்டோரி’ படத்தில் பொம்மைகளை உடைத்துப் போடுவானே ஒரு பொடியன், அவன் பெயர்! அங்கே சில நாள் பெரிய குறை எதுவும் வெளிப்படாமல் தாக்குப்பிடித்தால் ‘சோதனை’ அறை. பிறகு ஒரு நாள் கதவைச் சாத்தி, புதுச் சரக்கு எதையும் உள்ளே விடாமல், இருப்பதில் உள்ள குறைகளை மட்டும் தீர்ப்பார்கள். எல்லாம் முடிந்தால் ‘ஸ்டேபிள்’. எந்தத் தேதியில் வரும் என்று கேட்டால், ரெடியாகும்போது வரும் என்பதுதான் வெகுகாலம் அவர்களுடைய பதில். 2002 ஜூலைக்குப் பிறகு அடுத்த ஸ்டேபிள் வந்தது 2005 ஜூனில். மூன்று வருடம்! பொறுமை இழந்தவர்கள் திட்டித் தீர்த்தார்கள்.

இந்த எண்ணும் அறையும் போதுமா? போதாது என்று 2014-இல் தெரிந்தது.

ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்று ஒரு மென்பொருள் உறுப்பு. வங்கிக் கணக்கு, கடவுச்சொல் எல்லாம் இணையத்தில் போகும்போது பிறர் படிக்காமல் பூட்டுகிற வேலை அதனுடையது. 1998-இல் 0.9 சொச்சம் என்ற எண்ணோடு வந்தது. பத்து வருடத்துக்கும் மேலாக அந்தப் பூஜ்யத்தைத் தாண்டவே இல்லை. ஆனால் உலகத்தின் பெரும் பகுதி அதை நம்பி ஏறிவிட்டது. 2010-இல்தான் 1.0 வந்தது. 2012 மார்ச்சில் 1.0.1. அதில்தான் அந்த ஓட்டை. ‘ஹார்ட்பிளீட்’ என்று பின்னால் பெயர் வாங்கிய அந்தக் குறை வழியாக, யார் வேண்டுமானாலும் சர்வரின் நினைவகத்திலிருந்து தகவலை உறிஞ்ச முடிந்தது. இரண்டு வருடம் யார் கண்ணிலும் படவில்லை. 2014 ஏப்ரலில் வெளியே வந்தபோது உலகமே தலையில் கை வைத்தது. வேடிக்கை என்னவென்றால், பூஜ்யத்தில் ஆரம்பித்த பழைய 0.9.8-இல் இந்த ஓட்டை கிடையாது!

எண் பொய் சொல்லும். டே பாலத்து வார்ப்புகளின் மேல் பூசிய மெழுகு மாதிரி.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. 2024-இல் நடந்தது. எக்ஸ்.இஸட். என்ற ஒரு சின்ன உறுப்பு. கோப்புகளைச் சுருக்கி வைக்கும் வேலை. வருடக்கணக்காக ஒற்றை ஆளாக அதைப் பராமரித்து வந்தவர் களைத்துப்போயிருந்தார். உதவிக்கு என்று ஒருவர் வந்தார். இரண்டு வருடத்துக்கும் மேலாகப் பணிவாக வேலை செய்து, நம்பிக்கையைச் சம்பாதித்து, வெளியிடும் பொறுப்பையும் வாங்கிக்கொண்டார். பிறகு உள்ளே ஒரு கள்ளக் கதவை வைத்தார்! பிப்ரவரியில் புதுப் பதிப்பு வெளியானது. டெபியனின் முதல் இரண்டு அறைகளுக்குள்ளும் நுழைந்துவிட்டது.

ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற இன்ஜினீயர் வேறு ஏதோ ஒரு வேலையாகத் தன் கம்ப்யூட்டரைச் சோதித்துக்கொண்டிருந்தார். வழக்கமாக உடனே நடக்கவேண்டிய ஒரு காரியம் அரை நொடி தாமதமாக நடந்தது. வெறும் அரை நொடி! நீங்களும் நானுமாக இருந்தால் கவனித்திருக்கக்கூட மாட்டோம். அவர் விடவில்லை. நூல் பிடித்துக்கொண்டே போய்க் கள்ளக் கதவைக் கண்டுபிடித்தார். மார்ச் 29 அன்று உலகத்துக்குச் சொன்னார். டெபியனின் ‘ஸ்டேபிள்’ அறைக்குள் அது நுழைந்திருக்கவே இல்லை. ‘ஏன் இவ்வளவு தாமதம்?’ என்று பலர் திட்டிய அதே காத்திருப்பு, லட்சக்கணக்கான சர்வர்களைக் காப்பாற்றியது.

இந்த அனுபவங்களை ஒரு கையில் வைத்துக்கொண்டு, பாம்பனின் கடைசி அத்தியாயத்தைப் பாருங்கள்.

1988-இல் சாலைப் பாலம் வந்துவிட்டது. ரயில் பாலத்தை விட்டுவிடலாம் என்று நினைத்திருக்கலாம். விடவில்லை. மீட்டர் கேஜ் பாதையை அகலப் பாதையாக்க 2006-இல் ரயிலை நிறுத்தி, பழைய பாலத்தையே வலுப்படுத்தி, 2007 ஆகஸ்டில் மறுபடி ஓட்டினார்கள். அப்போதே பாலத்துக்கு வயது 93. 2018 டிசம்பரில் தூக்குப் பாலத்தில் விரிசல் கண்டார்கள். ஏறக்குறைய மூன்று மாதம் ரயில் இல்லை. சரிசெய்து ஓட்டினார்கள். பிறகு சென்னை ஐ.ஐ.டி. உதவியோடு பாலத்தின் உடம்பெல்லாம் உணர்கருவிகள் ஒட்டப்பட்டன. ஐ.சி.யு.வில் இருக்கும் நோயாளிக்கு ஒட்டுவார்களே, அந்த மாதிரி. ரயில் ஏறும்போது இரும்பு எவ்வளவு துடிக்கிறது, எவ்வளவு வளைகிறது என்று அவை சொல்லிக்கொண்டே இருந்தன. 2022 டிசம்பரில் அந்தக் கருவிகள் அபாயம் என்றன. டிசம்பர் 23-ஆம் தேதியோடு ரயில் நின்றது. அதற்கப்புறம் அந்தப் பாலத்தில் பயணி ரயில் ஏறவே இல்லை.

தேதியைப் பார்த்தீர்களா? தனுஷ்கோடிப் புயலுக்குச் சரியாக 58 வருடம் கழித்து. இந்த முறை பாலம் ஒரு உயிரைக்கூட எடுத்துக்கொள்ளாமல் ஓய்வு பெற்றது. முன்னது சிக்னல் மௌனமான ராத்திரி. பின்னது சிக்னல் பேசி, மனிதர்கள் காது கொடுத்த நாள்.

பக்கத்திலேயே புதுப் பாலம் வளர்ந்துகொண்டிருந்தது. 2019 மார்ச்சில் அடிக்கல். 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி. பழையது மாதிரி கை பிரிக்காது. லிஃப்ட் மாதிரி நிமிர்ந்தபடியே 17 மீட்டர் மேலே போகும். கையால் சுற்ற ஆள் வேண்டாம், மோட்டார். செலவு ஐந்நூறு கோடி ரூபாயைத் தாண்டியது. கெடு தள்ளித் தள்ளிப் போனது. ரயில்கள் மண்டபத்தோடும் ராமநாதபுரத்தோடும் நின்றன. காசியிலிருந்து மூன்று நாள் பயணம் செய்து வந்த கிழவிகள் மூட்டையோடு இறங்கிப் பஸ் பிடித்தார்கள். மீனும் கருவாடும் ஏற்றுகிற வியாபாரிகள், லாட்ஜ்காரர்கள், ஆட்டோக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்வி: எப்பய்யா திறப்பீங்க?

2024 நவம்பரில் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் ஆய்வுக்கு வந்தார். இங்கே ஒரு நுணுக்கம் பலருக்குத் தெரியாது. பயணிகளை ஏற்றலாமா என்று முடிவு சொல்கிற இந்த ஆணையர், ரயில்வே அமைச்சகத்தின் கீழ் வருவதில்லை. விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வருகிறார்! தெரியாத்தனமாக நடந்த குழப்பம் அல்ல இது. பாலம் கட்டுகிறவனே பாலத்துக்குச் சான்றிதழ் கொடுக்கக் கூடாது என்று, 1941-லேயே இந்த ஆய்வு அதிகாரத்தை ரயில்வேயின் கையிலிருந்து பிரித்துவிட்டார்கள்.

அந்தப் பிரிவினையின் பலன் அறிக்கையில் தெரிந்தது. திட்டமிடும் கட்டத்திலிருந்தே குறைகள் இருந்ததாக ஆணையர் வெளிப்படையாக எழுதினார். ரயில்வேயின் சொந்த ஆராய்ச்சி அமைப்பான ஆர்.டி.எஸ்.ஓ.வின் தரநிலைகளை விட்டு விலகி வடிவமைத்தது, தொழில்நுட்ப ஆலோசனைக் குழு அமைக்காதது, கர்டர்களின் பற்றவைப்பு, துரு... வரிசையாகச் சொன்னார். வெளிநாட்டு நிபுணர்கள் வடிவமைத்து, சென்னை, மும்பை ஐ.ஐ.டி.கள் சரிபார்த்ததுதான் என்று ரயில்வே தரப்பு பதில் சொன்னது. ஐந்து பேர் குழு ஒன்றும் போடப்பட்டது.

அப்படியானால் ஆணையர் அனுமதி மறுத்துவிட்டாரா? இல்லை. கொடுத்தார். நிபந்தனைகளோடு. பாலத்தில் மணிக்கு 75 கிலோமீட்டர், தூக்குப் பகுதியில் 50 கிலோமீட்டர். சுட்டிக்காட்டிய குறைகளைக் கவனிக்க வேண்டும். 2025 ஏப்ரல் 6, ராமநவமி அன்று பிரதமர் பாலத்தைத் திறந்து வைத்தார்.

குறைகளை எழுதிவிட்டு அனுமதியும் தருவதா என்று சிலர் கேட்டார்கள். ஹட்சின்சனும் அதைத்தானே செய்தார் என்றும் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. ஹட்சின்சன் தன் சந்தேகத்தை ஒரு ஆசையாக எழுதினார், அதைத் தீர்த்துவைக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. பாம்பன் அறிக்கை பத்திரிகைகளில் வந்தது. ஊர் முழுக்கப் பேசியது. பதில் சொல்லியே ஆகவேண்டிய நிலைக்கு ரயில்வே தள்ளப்பட்டது. டெபியன்காரர்களும் இதைத்தான் செய்கிறார்கள். ‘ஸ்டேபிள்’ என்றால் குறையே இல்லாதது என்று அவர்கள் சொல்வதில்லை. தெரிந்த குறைகளின் பட்டியலைப் பகிரங்கமாக வைத்துவிட்டு, இதோடு ஏறலாம், இவ்வளவு தூரம் நம்பலாம் என்கிறார்கள். பட்டியல் ஒளிவுமறைவில்லாமல் இருக்கும்வரை அந்த வார்த்தைக்கு மதிப்பு. அந்தப் பட்டியலில் இருந்த வரிகள் ஒவ்வொன்றாகத் தீர்ந்தனவா என்று கேட்டுக்கொண்டே இருப்பது, அந்தப் பாலத்தில் ஏறுகிற நம்முடைய வேலை.

பழைய பாலம் நூறு வருடத்துக்கு மேல் நின்றது 1914-இல் யாரோ ஒப்புதல் கொடுத்ததால் மட்டுமல்ல. உப்பு தின்கிற இரும்பைச் சுரண்டி, மறுபடி மறுபடி பெயின்ட் அடித்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு முனையில் முடித்து நிமிர்ந்தால் மறு முனையில் துரு ஆரம்பித்திருக்கும். கீழே கடல், மேலே வெயில், கையில் பிரஷ். தண்டவாளத்தில் சுத்தியலால் தட்டி, வருகிற சத்தம் சரியாக இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே நடந்து போகிற கேங்மேன்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அரை நொடித் தாமதத்தைக் கவனித்த ஃப்ராயிண்டும் அந்த ஜாதிதான்.

அடுத்த முறை ராமேஸ்வரம் ரயில் பாம்பனில் மெதுவாகும்போது ‘எவ்வளவு நேரம்யா உருட்டுவான்?’ என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். ஜன்னலுக்கு வெளியே கை நீட்டிக் காற்று எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.